பூஜையன்று அழித்த மஞ்சள் கோடு

பெரியநாயக்கன்பாளையம்,
நவம்பர் 12, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி சுரேந்தருக்கு,

அக்கா லோகப்பிரியா எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்கப் போவதில்லை. நேற்றுக் காலை எட்டு கிலோமீட்டர் ஓடியதாக ஸ்டேட்டஸ் போட்டிருந்தாய், அதனால் நலமாகத்தான் இருக்கிறாய். நலமில்லாதது இங்கே.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். திங்கட்கிழமையிலிருந்து பதினோரு தடவை போன் அடித்துவிட்டேன். மீட்டிங்கில் இருப்பதாக ஒரு மெசேஜ் தானாக வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் விழமாட்டேன் என்கிறது. அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நவி மும்பைத் தபால்காரர் நீட்டுகிற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டுத்தான் இதை வாங்க வேண்டும். அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்குவதில் நீ கெட்டிக்காரன் என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை நீயும் போட்டுப் பார்.

மாசாணம் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. நீயும் நானும் இந்த கேஸ்கெட் பட்டறையை ஆரம்பித்த நாளிலிருந்து ரப்பர் ஷீட் வெட்டுகிறவர் அவர்தான். பன்னிரண்டு வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நின்ற மனிதர். ஏன் வரவில்லை என்று தெரியாவிட்டால் படி. தெரிந்திருந்தாலும் படி.

அவருடைய மகள் யுவஸ்ரீ பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறாள். நீ அங்கே உட்கார்ந்து நமக்கு ஆர்டர் பிடிக்கிற டேட்டா சென்டர் காண்டிராக்டருக்குத்தான் அவர்களும் குழாய் தாங்கிகள் செய்து அனுப்புகிறார்கள், இது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. திங்கட்கிழமை காலை அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால், எல்லா சப்ளையருக்கும் போன எச்சரிக்கை மெயில் ஒன்று வந்திருக்கிறது. டீசல் குழாயில் தவறான கேஸ்கெட் மாட்டி, ஜெனரேட்டர் ரூம் முழுக்க டீசல் கசிந்து, குழாய் மாட்டுகிற பிட்டர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்த கதை. காரணம், வெட்டிய தொழிலாளியின் கவனக்குறைவு. கீழே அந்தத் தொழிலாளியின் பெயரும் போட்டோவும். இந்த ஆளை எங்கள் வேலை எதிலும் சேர்க்கக் கூடாது என்று சிவப்பில் ஒரு வரி. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எந்தப் போட்டோ என்றாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆயுத பூஜையன்று நீ எடுத்தது. புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, பிரஸ் மெஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அன்றைக்கு அதையே எங்கள் பலம் என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டாய். ஒன்றரை மாதத்துக்குள் அதே படத்தைக் கழுத்து வரைக்கும் வெட்டி, திருடனைத் தேடுகிற நோட்டீஸ் மாதிரி ஆக்கிவிட்டாய். அந்தச் சிரிக்கிற படத்தையாவது தொடாமல் விட்டுவைத்திருக்கலாம்.

உலகத்து ஜனங்கள் எடுக்கிற போட்டோ எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம்தான் டேட்டா சென்டர் என்று, முதல் ஆர்டர் வாங்கிய அன்று நீதான் எனக்கு விளக்கினாய். அங்கே இருக்கிற பெட்டிகள் சூடாகாமல் இருக்கக் குளிர்நீர்க் குழாய், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் குழாய், ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் நாம் வெட்டிக் கொடுக்கிற கருப்பு கேஸ்கெட் வளையம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். மாசாணத்தின் படமும் இப்போது அப்படி ஒரு பெட்டிக்குள்தான் இருக்கும். இனி யார் அழித்தாலும் எங்கேயாவது ஒரு காப்பி இருக்கும் என்கிறாள் யுவஸ்ரீ.

அந்த எச்சரிக்கைக்கு ஆதாரமாக நம் கம்பெனி பெயரில் போன அறிக்கையை எழுதியவன் நீ. அதனால் நடந்தது என்ன என்று நான் எழுதுகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

நம்மிடம் இருக்கிற ரப்பர் ஷீட்டில் முக்கியமானது இரண்டு. ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர் தண்ணீருக்கும் குளிர்நீரில் கலக்கிற கிளைகால் திரவத்துக்கும் வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் டீசல் பட்டால் ஊறி உப்பிவிடும். டீசலுக்கு நைட்ரைல்தான். இரண்டும் கருப்பு, இரண்டுக்கும் ஒரே மினுமினுப்பு. மேல் கவரைக் கிழித்துவிட்டால் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் பார்வையில் பிரிக்க முடியாது. அதனால்தான் மாசாணம் கவரைப் பிரிக்கும்போதே ஈ.பி.டி.எம். ரோலின் ஓரம் நெடுக மஞ்சள் சாக்பீஸில் ஒரு கோடும், நைட்ரைல் ரோலுக்கு வெள்ளைக் கோடும் இழுத்துவிடுவார். தண்ணி ஷீட், டீசல் ஷீட் என்று பெயர் வைத்ததும் அவர்தான். எந்தக் குழாய்க்கு, உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு சூடு, இந்த மூன்றையும் கேட்காமல் அவர் கத்தியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறையிலும் கழுவித் துடைப்பார்கள். நாம் மெஷினோடு நிறுத்திக்கொள்வோம், ஷீட் ரோலைத் தொடமாட்டோம். இந்த வருடம் நீ வந்தாய். மறுநாள் விஜயதசமிக்குக் கஸ்டமர் ஆட்கள் பார்க்க வருகிறார்கள், பட்டறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்றாய். ரோலில் இருக்கிற கிறுக்கல் எல்லாம் படத்தில் அசிங்கமாகத் தெரியும், துடைத்துவிட்டுச் சந்தனம் குங்குமம் வையுங்கள் என்றாய். சின்னவருங்க, அதையத் தொடச்சுப்போட்டா நாளைக்கு எது எதுன்னு எனக்கே தெரியாதுங்க என்று மாசாணம் உன்னிடம் சொன்னார். பக்கத்தில்தான் நான் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தேன், என் காதில் விழுந்தது. நீ பதில் சொல்லாமல் ஈரத்துணியை வாங்கி முதல் ரோலை உன் கையாலேயே துடைத்தாய்.

வந்தவர்கள் காபி குடித்தார்கள், உன் லேப்டாப்பில் படம் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ரோல் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. அன்று சாயந்திரமே டீசல் லைனுக்கு நாற்பது கேஸ்கெட் கூரியரில் போக வேண்டும் என்று பரபரத்தாய். மாசாணம் ஒரு நாள் டயம் கேட்டார், ஒரு துண்டை டீசலில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு வெட்டுகிறேன் என்று. நீ இரண்டு ரோலையும் கட்டைவிரலால் அழுத்தினாய், மூக்கை வைத்து மோந்தாய், இதுதான் நைட்ரைல், வெட்டுங்க என்று ஒன்றைக் காட்டினாய். காட்டியது நீ, வெட்டியது அவர். உன் அறிக்கையில் வெட்டின கை மட்டும் இருக்கிறது, காட்டின விரலைக் காணோம்.

அதிலே அவர் கையெழுத்து எப்படி வந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கரூர் போயிருந்த நாளாகப் பார்த்து ஆபீஸில் இருக்கிற மெர்சிக்கு மெயில் அனுப்பிப் பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறாய். போனில் அவரிடம், கம்பெனி வழக்கத்துக்கு ஒரு பேப்பர், பேருக்கு ஒரு கையெழுத்து என்று சொல்லியிருக்கிறாய். முழுக்க இங்கிலீஷ். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாசாணம் என்று தமிழில் அழகாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மெர்சி சொல்ல வாயெடுத்தபோது, சின்னவரு சொன்னாப் போதும்ங்க என்றாராம். இதைச் சொல்லும்போது மெர்சி அழுதுவிட்டாள்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது உன் நல்ல நேரம். நான் கேட்பது ஒன்றுதான். அறிக்கையைத் திரும்ப வாங்கு. ரோலில் அடையாளத்தை அழித்தது யார், ஷீட்டைக் காட்டியது யார் என்று எழுதி, மாசாணத்தின் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல். அந்த எச்சரிக்கை யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கெல்லாம் திருத்தமும் போக வேண்டும்.

என் மேசைமேல் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை, கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

வர்ஷினிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, லிப்ட் வேலை செய்யாத நாளில் நான்கு மாடி ஏற விடாதே. முருங்கைக்கீரைப் பொடி தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். உன்மேல் கோபம் என்றால் அவள்மேலும் கோபமா?

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அக்கா,
லோகப்பிரியா.

&nbsp;

பெரியநாயக்கன்பாளையம்,
நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.

தம்பி சுரேந்தருக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஆறு நிமிடம் பேசியிருக்கிறாய். கடிதத்துக்குக் கடிதம் எழுத உனக்கு வராது என்று தெரியும், அதில் குற்றமில்லை. பேசியதில்தான் குற்றம்.

உண்மையைச் சொன்னால் நம் கம்பெனியையே சப்ளையர் லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவார்கள், பதினான்கு பேர் வேலை போகும், ஓர் ஆள் பெயர் போனால் பரவாயில்லை என்கிறாய். அந்தப் பதினான்கில் ஒருவர் மாசாணம் என்பதை எண்ணும்போது விட்டுவிட்டாயா? அவர் நம்மிடம்தானே வேலை பார்க்கப் போகிறார், அந்த எச்சரிக்கையால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறாய். அதற்கும் மேலே போய், அவருக்கு இங்கிலீஷே தெரியாது, யுவஸ்ரீ பார்த்திருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்தே இருக்காது என்கிறாய். இந்த இடத்தில் போனை மேசைமேல் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அவருக்குத் தெரியாது என்பதால்தானே செய்தாய்? அதை நீயே உன் வாயால் சொல்கிறாய், சொல்வது என்ன என்பதுகூட உன் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மாசாணத்தின் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. ஜோதிபுரம் தாண்டி அவர்கள் காலனிக்கு வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. யுவஸ்ரீ வயதுக்கு வந்த சீருக்கும் நாம் போகவில்லை, மெர்சியிடம் கவர் கொடுத்து அனுப்பினோம். அவர் மனைவி பழனியாத்தாள் ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்து வாசலில் போட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். நல்லா இருக்கீங்களா அம்மணி என்று கேட்டார், உன் மச்சானையும் பிள்ளைகளையும் விசாரித்தார். நல்ல வெயில். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிற ஊர் இது. அவர் கொடுக்கவில்லை, வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. கோபத்தால் இல்லை. நாம் குடிக்க மாட்டோம் என்று நினைத்து, கேட்டு என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டார். தாகமாக இருந்தும் நானாகவும் கேட்கவில்லை.

மாசாணம் வெளியே வந்தார். சவரம் செய்யவில்லை, இளைத்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், தப்பு என் கையிலதானுங்க அம்மணி, வெட்டுனது நானுங்க, இன்னொருக்கா அழுத்திச் சொல்லியிருக்கோணும்ங்க என்றார். உன்மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் உன்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

யுவஸ்ரீதான் பேசினாள். நின்றுகொண்டே பேசினாள், குரலை உயர்த்தவில்லை. அவள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இது உன் அப்பாவா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பொருளை எல்லாம் இன்னொருத்தர் மறுபடியும் பார்க்கிறார்களாம். எச்சரிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது.

பழனியாத்தாள் போன வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்திருக்கிறார். அநியாயம் செய்தவர்களை அம்மன் தண்டிக்கட்டும் என்றுதான் அங்கே மிளகாய் அரைப்பார்கள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வர்ஷினியின் முகம்தான் கண்ணில் வந்தது. யார் பெயரைச் சொல்லி அரைத்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். பேரு ஒண்ணும் சொல்லலைங்க அம்மணி, தப்பு செஞ்சவங்க யாருன்னு ஆத்தாளுக்குத் தெரியாதுங்களா என்றார்.

தெரியும். அதனால்தான் இப்போது அந்தப் பாட்டிலைப் பற்றி எழுதுகிறேன்.

நீ காட்டின ஷீட்டில் அன்றைக்கு வெட்டி முடித்ததும், மிச்சத் துண்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதே அளவுக்கு ஒரு வில்லை வெட்டி, டீசல் ஊற்றிய பாட்டிலில் போட்டு வைத்துவிட்டுத்தான் மாசாணம் வீட்டுக்குப் போனார். நீ வேண்டாம் என்ற சோதனையைத் தன் மனசுக்காகச் செய்திருக்கிறார். மறுநாள் காலை பாட்டிலோடு என் முன்னால் வந்து நின்றார். நாணயத்தை வில்லைமேல் வைத்துக் காட்டினார். நாணயத்தைச் சுற்றிலும் ரப்பர் பிதுங்கித் தெரிந்தது, விளிம்பெல்லாம் அலை அலையாக இருந்தது. அம்மணி, அனுப்பினது தண்ணி ஷீட்டுங்க, மாட்டறதுக்கு முன்னாலே நிறுத்திப்போடச் சொல்லுங்க என்றார்.

நீ அதற்குள் மும்பைக்குக் கிளம்பிவிட்டிருந்தாய். உடனே உனக்குப் போன் செய்தேன், அப்போது எடுத்தாய். நான் பார்த்துக்கறேன் அக்கா, சைட்டில் சொல்லி மாற்றிவிடுகிறேன் என்றாய். நான் நம்பினேன். இல்லை, அப்படி எழுதினால் நானும் உன் மாதிரிதான் அறிக்கை எழுதுகிறேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது, அதனால் நம்பினேன். நாற்பது கேஸ்கெட்டை மறுபடி வெட்டி அனுப்பச் சொல்லி நீ கேட்கவே இல்லையே என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. கேட்கவில்லை. மாசாணம் இரண்டு தடவை, சொல்லிட்டீங்களா அம்மணி என்று கேட்டார். சொல்லியாச்சு என்று எரிச்சலோடு பதில் சொன்னேன். பத்தொன்பது நாள் கழித்து அந்த ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள்.

வழுக்கி விழுந்த பிட்டர் யார் என்று விசாரித்தேன். உமர் பாரூக் என்று பெயர், நம் உக்கடத்துப் பையன்தான், காண்டிராக்டர் ஆளாக அங்கே வந்திருக்கிறான். கட்டுப் போட்ட கையோடு ஊரில் இருக்கிறான், நேரில் போய்ப் பார்த்தேன். கேஸ்கெட்டை மாற்றச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். யாருமே சொல்லலைங்கக்கா என்றான். அன்றைக்கு அந்த ரூமில் ஒரு வெல்டிங் பொறி பறந்திருந்தால் நாம் இப்போது என்ன எழுதிக்கொண்டிருப்போம், சுரேந்தர்? பூஜைக்கு வந்து போனதில் மறந்துவிட்டாயா, சொன்னால் அசிங்கம் என்று விட்டுவிட்டாயா? மறதி என்றால் அதையாவது எழுது.

இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், கஸ்டமருக்கும் காண்டிராக்டருக்கும் சேர்த்து எழுதியது. மெர்சி இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தாள். அடையாளத்தை அழிக்கச் சொன்னதும் ஷீட்டைக் காட்டியதும் நீ, தவறு தெரிந்த பிறகும் உறுதி செய்யாமல் இருந்தது நான், ஒவ்வொரு கட்டத்திலும் எச்சரித்தவர் மாசாணம் என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் போட்டு அனுப்பு. ஆர்டர் போனால் போகட்டும். பம்புக்கும் கிரைண்டருக்கும் வெட்டிக் கொடுத்துத்தான் ஆரம்பித்தோம், அந்த வேலை இன்னும் இருக்கிறது.

கோபம் ஆறாத,
அக்கா லோகப்பிரியா.

&nbsp;

பெரியநாயக்கன்பாளையம்,
நவம்பர் 24, திங்கட்கிழமை.

அன்புள்ள சுரேந்தருக்கு,

வெள்ளிக்கிழமை போய்விட்டது. சனிக்கிழமையும் தபால்காரரைப் பார்த்தேன். இன்று காலை, நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டபடியே அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். மெயிலிலும் போய்விட்டது, ஊறின வில்லையின் படமும் சேர்ந்து போயிருக்கிறது. உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று உனக்கும் ஒரு காப்பி போட்டிருக்கிறேன்.

நேற்று வர்ஷினி போன் செய்தாள். நீ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, அந்தக் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைக்கிறாய் என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று இந்த மாதம்தான் தெரிகிறது.

அடுத்து என்ன ஆகும் என்று தெரியாது. சப்ளையை நிறுத்தி வைப்பார்கள் என்று நினைக்கிறேன். பட்டறை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், என் பங்கையும் சொன்னேன். பிரஸ் ஓட்டுகிற அருண்குமார் மட்டும், மாசாணண்ணன் வருவாருங்களா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். பெயிண்ட் வாங்கி வந்து எல்லா ரோலிலும் நானே கோடு போட்டேன், மஞ்சளும் வெள்ளையும். மாசாணண்ணன் போட்ட கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும், என்னுடையது கோணல்மாணலாக இருக்கிறது. ஆனால் இது துணிக்கு அழியாது.

சாயந்திரம் கடிதத்தின் காப்பியை எடுத்துக்கொண்டு மாசாணண்ணன் வீட்டுக்குப் போனேன். யுவஸ்ரீ படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். நல்லதுங்க என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட்டது அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத மொழியில், அப்பாவிடம் சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதட்டும், டைப் அடிக்காமல் அவர் கையாலே எழுதட்டும், அதைக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றாள். அவர் என்று அவள் சொன்னது உன்னை. மாசாணண்ணன், அதெல்லாம் எதுக்கு கண்ணு என்று மகளை அடக்கப் பார்த்தார். பழனியாத்தாள், அவ சொல்லட்டும் உடுங்க என்றார். வேலைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

உன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் செய்தபோது சபை பார்க்க உன்னோடு நின்றவள் நான். அன்றைக்கு எல்லோரும் அட்சதை போட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. கஸ்டமருக்குப் போன கடிதத்திலும் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாய் என்றால் அதையும் எண்ணிப் பார்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி வளைகாப்பு, மார்கழி பிறப்பதற்கு முன்னால் இந்த ஒரு நாள்தான் தோதாக இருக்கிறது. மண்டபம் சொல்லியாகிவிட்டது, நாத்தனாராக நான் செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்வேன். நீங்கள் பத்தாம் தேதி காலை ரயிலில் இறங்குகிறீர்கள். வர்ஷினியை நான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். நீ என்னோடு வராதே, நேராக ஜோதிபுரத்துக்குப் போ.

பழனியாத்தாள் ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்து வாசலில் போடுவார். உட்காராதே. உள்ளே வரலாமா என்று கேள். தமிழில் எழுதினதை மாசாணண்ணன் கையில் கொடு, அவர் கண்ணாடி போட்டுப் படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே இரு. அவர் மெதுவாகத்தான் படிப்பார். தண்ணீர் வேண்டுமா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். நீயாகக் கேள். நானும் இன்றைக்குக் கேட்டேன். பழனியாத்தாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டார், பிறகு உள்ளே போய்ச் சொம்பை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த ஒரு நிமிடம் உனக்கும் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வா, சோறு வைத்திருக்கிறேன்.

வர்ஷினியும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். அதற்கு நான் எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளவில்லை, நீ ஜோதிபுரம் போவாய் என்பதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும்
அக்கா, லோகப்பிரியா.